வெப்பத்தைத் தேக்கி மின்னை ஒழுங்கு செய்த வரலாறு



மனித குலத்தின் நாகரிக வரலாற்றை, மனிதன் எந்தெந்தப் பொருளைத் தேக்கி வைக்கக் கற்றான் என்னும் வரலாறாகவும் நாம் நோக்கலாம். தானியத்தைக் குதிரிலே சேர்த்து வைக்கக் கற்றவன் பஞ்சத்தை எதிர்த்து நின்றான். மாரி மழையைக் குளத்திலே தேக்கக் கற்றவன் சிறுபோகத்திலும் நெல் விளைத்தான். இன்று மிகுந்து கிடைப்பதை நாளை குறைந்து நிற்கும் வேளைக்கு உதவுமாறு செய்வதே தேக்கத்தின் தொழில்.

மின்சாரமோ இவ்வுபாயத்துக்கு எளிதில் வசப்படாத பொருள். நாம் விளக்கை ஏற்றும் அந்தக் கணத்திலேயே எங்கோ ஒரு நிலையத்தில் அதற்கு வேண்டிய மின் பிறந்தாக வேண்டும். அண்மைக் காலத்திலே பெரும் மின்கலவடுக்குகள் பெருகி வருகின்றனவாயினும், ஒரு நகரத்துக்கு வேண்டிய மின்னைத் தேக்குவது நெடுங்காலம் செலவு மிக்க காரியமாகவே இருந்தது. வெப்பம் அத்தகையதன்று. சுடுநீரை ஒரு தாங்கியில் நிரப்பி, வெளியே நன்றாகப் போர்த்து வைத்தால், அது பல மணி நேரம், ஏன், பல நாள்கள்கூடச் சூடாறாமல் இருக்கும். தேக்க முடியாத மின்னையும் தேக்கக்கூடிய வெப்பத்தையும் ஒன்றாகப் பிணைத்து, எந்த இயந்திரத்தை எந்த நேரத்தில் ஓட்டுவது, எந்த நேரத்தில் நிறுத்துவது என்று மனிதர் கணக்கிடக் கற்ற வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

முதலில், இவ்விரண்டும் எவ்வாறு பிணைந்தன என்று பார்ப்போம். நிலக்கரியை எரித்து நீரைக் கொதிக்க வைத்து, எழும் நீராவியால் சுழலியைச் சுழற்றி மின் பிறப்பிப்பதே அனல் மின்னிலையத்தின் முறை. எரித்த கரியிலிருந்த ஆற்றலில் மூன்றிலொரு பங்கு மின்னாக மாறுவதே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரிய சாதனையாக இருந்தது. எஞ்சிய பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்கும், குளிர்விக்கும் நீரின் வழியாக ஆற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவின் குளிர்நாட்டு நகரங்களில் ஆற்றுக்கு இக்கரையில் மின்னிலையம் வெப்பத்தை நீரிலே கொட்டிக்கொண்டிருக்க, அக்கரையில் மக்கள் குளிர் காயக் கரி வாங்கி எரித்துக்கொண்டிருந்தனர். ஒருபுறம் வீண், மறுபுறம் வறுமை. இவ்விரண்டையும் இணைத்தால் என்ன என்னும் வினா சிந்தனையாளர் உள்ளத்தில் எழுந்தது இயல்பே.

டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனால் சூழப்பட்டிருக்கும் பிரெடரிக்ஸ்பேர்க் என்னும் நகரசபை 1903 ஆம் ஆண்டில் இதற்கொரு விடை கண்டது. குப்பை கொட்டுவதற்கு நிலமின்றி இடர்ப்பட்ட அச்சபை, குப்பையை எரித்து மின்னும் வெப்பமும் ஒருங்கே பெறும் நிலையமொன்றை அமைத்தது. வெப்பம் புதிய மருத்துவமனைக்கும் அநாதைச் சிறார் இல்லத்துக்கும் ஏழையர் விடுதிக்கும் குழாய் வழியே சென்றது. ருஷ்யாவிலே லெனின்கிராட் நகரில் 1924 ஆம் ஆண்டில் ஒரு மின்னிலையத்திலிருந்து வீடொன்றுக்கு வெப்பம் அனுப்பப்பட்டது. பின்னாளில் அந்நாட்டின் நகரங்கள்தோறும் பரவிய பெருந்திட்டத்துக்கு அதுவே வித்து.

இப்பிணைப்பு நன்மையோடு ஓர் இடர்ப்பாட்டையும் கொண்டு வந்தது. ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு எருதுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று நடந்தால் மற்றதும் நடந்தாக வேண்டும். ஒன்று படுத்தால் மற்றதும் நின்றாக வேண்டும். மின்னுக்கும் வெப்பத்துக்கும் அதே நிலைதான். அதிகாலையில் மக்கள் எழுந்து அறையைச் சூடேற்றிக் குளிக்கச் செல்லும்போது வெப்பம் மிகுதியாக வேண்டும். மாலையில் விளக்குகள் எரியும்போதும், தொழிற்சாலைகள் ஓடும்போதும் மின் மிகுதியாக வேண்டும். இரண்டின் உச்ச நேரங்களும் ஒத்து வருவதில்லை. வெப்பத்துக்காக இயந்திரத்தை ஓட்டினால் வேண்டாத வேளையில் மின் பிறக்கும்; மின்னுக்காக ஓட்டினால் வேண்டாத வேளையில் வெப்பம் பிறக்கும். நுகத்தை முறிக்காமல் எருதுகளுக்கு விடுதலை அளிக்கும் வழியென்ன?

வழி, நாம் தொடக்கத்திற் கூறிய தேக்கமே. சுவீடன் நாட்டுப் பொறியியலாளராகிய யோகான்னஸ் ரூத்ஸ் என்பவர் முதலாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் நீராவித் தேக்கத் தாங்கி ஒன்றைச் செயல்முறைக்குக் கொண்டு வந்தார். அழுத்தம் மிகுந்த கலமொன்றில் நீரை நிரப்பி, மிகுதியான நீராவியை அதனுள்ளே செலுத்தினால் நீர் கடுஞ்சூடு ஏறி நிற்கும். வேண்டிய வேளையில் அழுத்தத்தைச் சிறிது தளர்த்தினால் அந்நீரின் ஒரு பகுதி தானே நீராவியாகப் பொங்கி எழும். கொதிகலன் நாள் முழுவதும் ஒரே சீராக எரியலாம். நீராவியின் தேவை மட்டும் ஏறி இறங்கலாம். காகித ஆலைகளிலும் பிற தொழிற்சாலைகளிலும் பயன்பட்ட இம்முறை, 1929 ஆம் ஆண்டளவில் பேர்லின் நகரின் சார்லொட்டன்பேர்க் மின்னிலையத்திலே பேருருவம் எடுத்தது. அங்கே வரிசையாக நிமிர்ந்து நின்ற 16 தாங்கிகள், உச்ச வேளையில் 50 மெகாவாற் மின்வலுவுக்குரிய நீராவியைத் தந்தன. அக்கால அளவில் இஃது ஒரு பெரும் சாதனை.

அடுத்த காட்சி இலண்டனில் நிகழ்கின்றது. இரண்டாம் உலகப் போரின் குண்டு வீச்சினால் தேம்ஸ் நதியின் வடகரையிலுள்ள பிம்லிக்கோப் பகுதி சிதைந்து கிடந்தது. அவ்விடத்தில் மக்களுக்குப் புதிய குடியிருப்பு அமைக்க வெஸ்ற்மின்ஸ்ரர் நகரசபை 1946 இல் நடத்திய போட்டியில், இருபத்தைந்து வயதளவினராகிய பவல், மோயா என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் வென்றனர். சேர்ச்சில் கார்டன்ஸ் என்று பெயர் பெற்ற அக்குடியிருப்பில் ஏறத்தாழ 1,600 வீடுகள். நதியின் எதிர்க்கரையில் கம்பீரமாக நின்றது பற்றர்சீ மின்னிலையம். நதியிலே வீணே கலந்துகொண்டிருந்த அதன் வெப்பத்தைச் சுடுநீராக்கி, ஆற்றின் அடியே செல்லும் சுரங்க வழியாகக் குழாயில் கொணர்ந்து வீடுகளைச் சூடேற்றினர். 1950 ஆம் ஆண்டில் இத்திட்டம் தொழிற்படத் தொடங்கியது.

அத்திட்டத்தின் இதயமாக விளங்கியது, கண்ணாடி போர்த்த ஓர் உயர்ந்த கோபுரத்தினுள்ளே நின்ற 2,500 கன மீற்றர் கொள்ளளவுடைய சுடுநீர்த் தாங்கி. பற்றர்சீயின் முதற்கடமை இலண்டனுக்கு மின் அளிப்பது. அது மின்னுக்காக ஓடும்போது பிறந்த வெப்பம் தாங்கியிலே தேங்கியது. வீடுகள் கேட்டபோது தாங்கி கொடுத்தது. இதன் அளவை நாமே கணித்துப் பார்க்கலாம். ஒரு கன மீற்றர் நீரின் வெப்பநிலையை 40 பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 46 கிலோவாற் மணி ஆற்றல் வேண்டும். அவ்வாறாயின் 2,500 கன மீற்றர் நீர் 115 மெகாவாற் மணிக்கு மேற்பட்ட ஆற்றலைத் தன்னுள் அடக்கி நிற்கும். ஆயிரம் கிலோவாற் அடுப்பொன்றை 115 மணி நேரம் எரிப்பதற்கு இது சமம்.

இதன் பெறுமதி வெறும் சிக்கனத்தோடு நின்றுவிடவில்லை. 1952 ஆம் ஆண்டு டிசம்பர் 5 ஆம் திகதி முதல் 9 ஆம் திகதி வரை இலண்டனை மூடிய பெரும் புகைமூட்டத்தை வரலாறு மறவாது. பல்லாயிரம் வீடுகளின் கரியடுப்புப் புகை பனியோடு கலந்து நகரைக் கவ்விற்று. அவ்வேளையில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று முதலிற் கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வாளர் அத்தொகையை அதனினும் மிக உயர்த்தினர். 1956 இல் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. சேர்ச்சில் கார்டன்ஸ் வீடுகளிலோ, சூடேற்றுவதற்குக் கரியடுப்பு தேவைப்படவில்லை. கோபுரத்திலே தேங்கிய சுடுநீர் அத்தனை குடும்பங்களின் புகையையும் தடுத்தது.

இதுவரை தேக்கத்தைப் பற்றிச் சொன்னோம். குளம் கட்டினால் மட்டும் போதுமா? மதகை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு விடுவது என்பதை அறிந்தாலன்றோ பயிர் விளையும்? மின்னிலையத்திலும் அவ்வாறே. இயந்திரங்களை ஒழுங்கு செய்யும் கணக்கு ஒரு தனிக் கலையாக வளர்ந்தது.

தொடக்கத்தில் பொறியியலாளர், சிக்கனமான இயந்திரத்தை முதலில் முழு வேகத்தில் ஓட்டு, போதாதபோது அடுத்ததைத் தொடங்கு என்னும் எளிய விதியையே கைக்கொண்டனர். 1930 களில் அவ்விதியின் குறை தெளிவாயிற்று. ஓர் இயந்திரத்தின் சராசரிச் செலவைப் பார்ப்பது பிழை. அது பிறப்பிக்கும் இறுதி ஓர் அலகுக்கு ஆகும் மேலதிகச் செலவையே பார்த்தல் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு இயந்திரங்களில் ஒன்றின் அடுத்த அலகு ஐந்து ரூபா, மற்றதன் அடுத்த அலகு நான்கு ரூபா எனில், முதலாவதிலிருந்து ஓர் அலகைக் குறைத்து இரண்டாவதிற் கூட்டினால் ஒரு ரூபா மிச்சம். இவ்வாறு மாற்றிக்கொண்டே போனால், இருவகை மேலதிகச் செலவும் சமமாகும் இடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைந்து நிற்கும். இத்தத்துவத்தை விளக்கி ஸ்ரைன்பேர்க், சிமித் என்னும் இருவர் 1943 இல் ஒரு நூல் வெளியிட்டனர். கேர்ச்மேயர் என்பார் 1958 இல் எழுதிய நூல் இத்துறை மாணவர்க்கு நெடுங்காலம் வழிகாட்டியாயிற்று.

ஆயினும் அதனினும் கடினமான வினா ஒன்று எஞ்சியிருந்தது. ஓடும் இயந்திரங்களுக்கிடையே சுமையைப் பங்கிடுவது எளிது. எவை ஓட வேண்டும், எவை உறங்க வேண்டும் என்று தீர்மானிப்பதே அரிது. குளிர்ந்து கிடக்கும் கொதிகலனை மீண்டும் சூடேற்ற எரிபொருளும் நேரமும் செலவாகும். ஒருமுறை தொடங்கினால் சில மணி நேரமாவது ஓட்ட வேண்டும். ஒருமுறை நிறுத்தினால் சில மணி நேரமாவது ஆற விட வேண்டும். ஆதலின் இம்மணியின் முடிவு அடுத்த மணியையும் அதற்கடுத்த மணியையும் கட்டிப் போடுகின்றது. பத்து இயந்திரங்கள் உள்ளன என்க. ஒரு மணிக்கு ஓட்டல், நிறுத்தல் என்னும் தெரிவுகளின் சேர்க்கை 1,024. ஒரு நாளின் 24 மணிக்கும் சேர்த்தால் வரும் சேர்க்கைகளின் தொகை 73 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்கு எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது.

இவ்விடத்தில் கணித அறிஞர் துணைக்கு வந்தனர். ருஷ்ய நாட்டு லியோனிட் கன்ரரோவிச் 1939 இல், ஒட்டுப்பலகை ஆலையொன்றின் இயந்திரங்களுக்கு வேலை பங்கிடும் வினாவிலிருந்து, குறைந்த வளத்தைக் கொண்டு மிகுந்த பயன் பெறும் ஒரு கணித முறையை வகுத்தார். அமெரிக்காவில் ஜோர்ஜ் டான்சிக் 1947 இல் அத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிறந்த வழியைக் கண்டார். ரிச்சர்ட் பெல்மன் 1950 களில், நெடும்பயணத்தைப் படிப்படியாகப் பிரித்துக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கணிக்கும் முறையை வளர்த்தார். ஓட்டல், நிறுத்தல் என்பவற்றுக்கிடையே பாதி ஓட்டல் என்பதொன்று இல்லை. முழு எண்களிலேயே விடை வேண்டும் இத்தகைய கணக்குக்கு, இலண்டன் பொருளியற் கல்லூரியைச் சார்ந்த எய்ல்சா லாண்ட், அலிசன் டொயிக் என்னும் இரண்டு பெண்மணிகள் 1960 இல் வெளியிட்ட முறை பெருந்திறவுகோலாயிற்று. தெரிவுகளை ஒரு மரத்தின் கிளைகளாக விரித்து, எந்தக் கிளையில் நல்ல விடை இருக்க முடியாது என்று நிறுவப்படுகின்றதோ அக்கிளையை முழுவதுமாக வெட்டி எறிவதே அம்முறை. இன்று மின்னிலையங்களின் நாளாந்த ஒழுங்கை வகுக்கும் கணினிகளிற் பெரும்பாலானவை அம்மரத்தின் நிழலிலேயே தொழிற்படுகின்றன.

இனி, வெப்பத் தாங்கி இக்கணக்கினுள் புகும்போது நிகழ்வது யாது? ஓர் எளிய உதாரணம் கொள்வோம். ஓர் ஊருக்கு மணிக்கு 10 அலகு வெப்பம் வீதம் நாளொன்றுக்கு 240 அலகு வேண்டும். நிலையத்து இயந்திரமோ முழு அளவில் ஓடினால் மணிக்கு 20 அலகு வெப்பமும் 10 அலகு மின்னும் தரும். தாங்கி இல்லையெனில், மின்னுக்கு விலையிருந்தாலும் இல்லாவிட்டாலும், இயந்திரம் 24 மணி நேரமும் பாதி வேகத்தில் முனகிக்கொண்டிருக்க வேண்டும். தாங்கி இருப்பின் 12 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலே 240 அலகும் கிடைத்துவிடும். மின் மிகவும் வேண்டப்படும் 12 மணியைத் தெரிந்துகொண்டு ஓட்டிவிட்டு, எஞ்சிய 12 மணியும் உறங்கலாம்.

தாங்கி எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்? தொடர்ந்து 12 மணி ஓட்டினால், மணிக்கு 10 அலகாக 120 அலகு தேங்கும். ஆறு மணி ஓட்டி, ஆறு மணி நிறுத்தி, மீண்டும் அவ்வாறே செய்தால் 60 அலகுத் தாங்கி போதும்; ஆனால் நாளொன்றுக்கு இருமுறை இயந்திரத்தைத் தொடங்கும் செலவு சேரும். சிறிய தாங்கியா, குறைந்த தொடக்கங்களா என்பதை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். நாளை குளிர் மிகுமா, குறையுமா என்னும் முன்னறிவிப்பும் இதில் வந்து கலக்கின்றது. தாங்கியை நிறைத்து வைத்தால் கடுங்குளிருக்குக் காப்பு. வெறுமையாக வைத்தால் மலிவான வெப்பத்தை ஏற்க இடம். எவ்வளவு வைப்பது என்பதே ஒழுங்கு செய்வோரின் நாளாந்தத் தலைவலி.

இக்கலை ஒரு நாட்டின் வாழ்வையே தாங்கி நின்றதற்குச் சான்று டென்மார்க். 1973 ஆம் ஆண்டின் இறுதியில் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது, அந்நாட்டின் ஆற்றல் தேவையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பங்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடக் கூடாதென்று அரசு தடை விதித்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து மீண்ட டென்மார்க் 1979 இல் வெப்ப வழங்கற் சட்டத்தை இயற்றி, எந்தப் பகுதிக்கு எந்த வகையில் வெப்பம் செல்ல வேண்டுமென உள்ளூராட்சிச் சபைகள் திட்டமிட வழி செய்தது. மின்னும் வெப்பமும் ஒருங்கே தரும் நிலையங்கள் சிற்றூர்களிலும் தோன்றின. அவற்றின் அருகே சுடுநீர்த் தாங்கிகள் எழுந்தன. 1990 களில் மின்னின் விலை பகலில் உயர்வாகவும் இரவில் தாழ்வாகவும் வகுக்கப்பட்டிருந்தமையால், நிலையங்கள் பகலில் ஓடித் தாங்கியை நிரப்பி, இரவில் அவ்வெப்பத்தை ஊருக்கு வழங்கின. இன்று அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொதுக் குழாய் வழியே வெப்பம் பெறுகின்றன.

பின்னர் காற்றாலைகள் பெருகின. காற்றோ மனிதன் வகுத்த நேர அட்டவணைக்கு அடங்குவதில்லை. புயல் வீசும் நள்ளிரவில் மின் பெருகி, 2009 ஆம் ஆண்டு முதல் அச்சந்தையில் மின் விலை சுழியத்துக்குக் கீழே செல்லவும் இடமளிக்கப்பட்டது. அதாவது, மின்னை விற்பவன் வாங்குபவனுக்குப் பணம் கொடுக்கும் விந்தை! தாங்கி இல்லாத நிலையம் அவ்வேளையிலும் வெப்பத்துக்காக ஓடியே ஆக வேண்டும். தாங்கி உள்ள நிலையமோ இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேங்கிய வெப்பத்தை வழங்கும். அவ்வளவோடு நில்லாமல், மிகுந்த காற்று மின்னைக் கொண்டே நீரைச் சூடேற்றித் தாங்கியை நிரப்பவும் செய்யும். நுகத்திலே பூட்டிய எருதுகள் இரண்டும் இப்போது தத்தம் வழியே நடக்கக் கற்றுவிட்டன.

தாங்கியின் அளவும் வளர்ந்தது. ஒரு தாங்கியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் கொள்ளளவு எட்டு மடங்காகும். வெப்பம் கசியும் மேற்பரப்போ நான்கு மடங்கே ஆகும். ஆதலின் தாங்கி பெருகப் பெருக இழப்பின் வீதம் குறையும். இவ்வுண்மையைப் பயன்படுத்தி டென்மார்க்கின் வோயன்ஸ் என்னும் ஊரில் 2015 இல் ஏறத்தாழ 200,000 கன மீற்றர் நீர் கொள்ளும் மூடிய குளமொன்றை அமைத்தனர். கோடை வெயிலின் வெப்பம் குளிர்காலத்துக்கு அங்கே காத்திருக்கின்றது. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், ஒரு காலத்தில் எண்ணெய் தேக்கிய பாறைக் குகைகளில் 2021 இல் சுடுநீரை நிரப்பினர். எண்ணெய் இருந்த இடத்தில் இன்று வெந்நீர் இருக்கின்றது. ஒரு யுகம் மாறியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்தொன்றுண்டு. மிகக் குறைந்த செலவு என்று கணிதம் விடை சொல்லும்போது, எதைச் செலவென்று எழுதினோம் என்று நாம் கேட்டாக வேண்டும். 1952 இல் இலண்டன் மக்கள் வாங்கிய கரியின் விலையில், அப்புகையினால் மாண்டோரின் உயிர் விலை சேர்க்கப்படவில்லை. 1973 க்கு முன்னர் டென்மார்க் வாங்கிய எண்ணெயின் மலிவில், பிற நாட்டைச் சார்ந்திருக்கும் அபாயம் சேர்க்கப்படவில்லை. இன்று பூமியின் வெப்பம் ஏறுவதையும் அவ்வாறே கணக்கின் வெளியே விட்டோமாயின், கணினி தவறாத விடையையே தரும். ஆனால் அது தவறான வினாவுக்குரிய விடையாக இருக்கும். கணக்கைத் தீர்ப்பது கணித அறிஞரின் பணி. கணக்கில் எவை இடம்பெற வேண்டும் என்று தீர்மானிப்பதோ மக்கள் அனைவரதும் பணி.

பற்றர்சீ மின்னிலையம் 1983 இல் தன் தொழிலை முடித்துக்கொண்டது. அதற்குப் பின்னர் வேறு கொதிகலன்களும், 2000 களில் புதிய இயந்திரங்களும் வெப்பம் வழங்கின. ஆனால் 1950 இல் எழுந்த பிம்லிக்கோத் தாங்கி மட்டும் தொடர்ந்து பணி செய்து வந்துள்ளது. எரிபொருள் மாறியது, இயந்திரம் மாறியது, கணக்கிடும் முறையும் மாறியது. மிகுந்த வேளையில் தேக்கிக் குறைந்த வேளையில் வழங்கும் அந்தப் பழைய அறிவு மாறவில்லை. மாரி நீரைத் தேக்கிச் சிறுபோகம் விளைத்த நம் முன்னோர்க்கு அது புதிதன்று.